செயலி காட்டும் ஹேண்டிகேப் செல்லாதாம்: தோட்டத்து 9 குழிக் கோல்ஃப் திடலில் ஆடுகிறவர்கள் என்ன செய்வது?

செம்பனைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில் ஹிலிர் பேராக்கில், தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ போகும் பக்கம் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்துக்காரன். எண்ணெய் ஆலையில் பிட்டர் வேலை. எங்கள் தோட்டத்தில் துரைமார் காலத்தில் போட்ட 9 குழித் திடல் ஒன்று இன்னும் இருக்கிறது. பெரிய பங்களாவுக்குப் பின்னால் தொடங்கி, வாய்க்காலைச் சுற்றி, செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓரமாகப் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். பார், அதாவது நன்றாக ஆடுகிறவர் எடுக்க வேண்டிய அடி, 34. இரண்டு முறை சுற்றினால் 18 குழி. தோட்டத்து ஆட்களுக்குச் சந்தா குறைவு, அதனால்தான் என்னைப் போன்றவன் ஆட முடிகிறது.

அப்பா இதே திடலில் கெடியாக இருந்தவர். பள்ளி விட்டதும் துரைகளின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். இப்போது 71 வயது. முட்டி வலி இல்லாத நாளில் இன்றும் என்னோடு நடப்பார்.

போன வருஷம் கைப்பேசியில் ஓர் இலவசச் செயலி இறக்கினேன். எங்கள் திடல் அதன் பட்டியலில் இல்லை. குழிக்குக் குழி தூரத்தையும் பாரையும் நானே அடித்துச் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஒரு சுற்று விடாமல் பதிவு செய்கிறேன். நல்ல நாளில் 81, 82. சுமாரான நாளில் 86. செயலி எனக்குக் கொடுத்த ஹேண்டிகேப், அதாவது மொத்த அடியில் கழித்துக்கொள்ள விடும் எண், 13.4.

போன மாதம் ஒரு பெரிய மன்றத்தில் பொதுப் போட்டிக்குப் போனேன். பதிவு மேசையில் 13.4 என்று கைப்பேசியைக் காட்டினேன். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடித்துப் போடலாம்" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். நான் ஒரு கோடு (ஓர் அடி) கூடக் குறைத்துப் போட்டவன் இல்லை. வாய்க்காலில் விழுந்தால் தண்டனைக் கோட்டையும் சேர்த்தே எழுதுகிறவன். கடைசியில் ஹேண்டிகேப் இல்லாதவர்களோடு என்னைச் சேர்த்து, அன்றைய ஆட்டத்தை வைத்தே ஹேண்டிகேப் போடும் சிஸ்டம் 36ல் ஆட விட்டார்கள். 101 அடித்தேன். மூன்று பார், ஐந்து போகி (பாருக்கு மேல் ஒன்று), மிச்சம் பத்துக் குழியும் டபுள் போகியும் (பாருக்கு மேல் இரண்டு) அதற்கு மேலும். கார்டில் பார் 72, ரேட்டிங் 71.8, ஸ்லோப் 131 என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா "எத்தனை?" என்றார். சொன்னேன். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "திடல் பெருசா?" என்று மட்டும் கேட்டார்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, அந்த 13.4 பொய்யா? ஒரு வருஷம் பதிந்தது எல்லாம் வீண் வேலையா?

இரண்டாவது சின்னது, ஆனால் அதுதான் தூங்க விடவில்லை. ஏழாவது குழியில் ஓரமாக ஓர் ஆந்தைப் பெட்டி கம்பத்தில் நிற்கிறது. அதற்கு நேரே பந்து கிடந்தால் கிரீன் (குழி இருக்கும் புல்தரை) நடுவுக்கு 150 யார்டு என்பது அப்பா கணக்கு. அங்கிருந்து 15 செம்பனை, ஒரு மரத்துக்குப் பத்து யார்டு. செயலி 145, 146 என்று காட்டுகிறது. கிரீன் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் 12 காலடிதான், அதைத் தாண்டினால் வாய்க்கால். அப்பா கணக்குப்படி ஆறு அயன் கம்பை எடுத்தால் பாதி நாள் பந்து தண்ணீரில். யாரை நம்புவது?

---

கெடா பையன்

அண்ணே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, செயலியும் பொய் சொல்லவில்லை. கணக்கில் ஒரு கால் இல்லை, அவ்வளவுதான்.

2020 ஜனவரியில் உலக ஹேண்டிகேப் முறை வந்தது. அதற்கு முன் உலகத்தில் ஆறு விதமான முறை இருந்தது, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து ஒன்றாக்கின. அதில் உங்கள் ஸ்கோரை நேராக எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வித்தியாசம் கணக்கிடுவார்கள்: 113ஐ ஸ்லோப்பால் வகுத்து, அதை ஸ்கோரிலிருந்து ரேட்டிங்கைக் கழித்த மிச்சத்தால் பெருக்கணும். அன்றைக்கு வானிலை எல்லாருக்கும் மோசமாக இருந்தால் அதற்கும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. கடைசி 20 சுற்றில் நல்லதாக உள்ள 8 வித்தியாசத்தின் சராசரிதான் உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ்.

ரேட்டிங் என்பது ஸ்கிராட்ச், அதாவது ஹேண்டிகேப் 0 உள்ள ஆட்டக்காரர் அந்தத் திடலில் எத்தனை அடிப்பார் என்பது. ஸ்லோப் என்பது அவரைவிட சாதாரண ஆள் எவ்வளவு கூடுதலாகத் திணறுவார் என்பது. 55லிருந்து 155 வரை போகும், நடுவில் 113. இதைப் பயிற்சி பெற்றவர்கள் திடலுக்கு வந்து நீளம், பங்கர் (மணல் பள்ளம்), தண்ணீர், மரம் எல்லாம் பார்த்து அளந்து கொடுப்பார்கள். உங்கள் தோட்டத்துத் திடலுக்கு அது இல்லை. நீங்களே சேர்த்த திடல் என்பதால் செயலி பார் 68ஐயே ரேட்டிங் என்று வைத்து, ஸ்லோப்பை 113 என்று எடுத்திருக்கும். 81.4 − 68 = 13.4. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

இனி அந்த 101ஐப் போடுவோம். 113ஐ 131ஆல் வகுத்தால் 0.8626. 101 − 71.8 = 29.2. பெருக்கினால் 25.2. மோசமான குழிகளை நெட் டபுள் போகியோடு (டபுள் போகி, அதோடு அந்தக் குழிக்கு உங்களுக்குக் கிடைக்கும் ஹேண்டிகேப் கோடு) நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதாவது பெரிய திடலில் நீங்கள் அன்று 25க்குப் பக்கத்தில் ஆடியிருக்கிறீர்கள். ஒரு நாள் ஆட்டம்தான், நல்ல நாள் வந்தால் குறையும்.

இப்போது முக்கியமான இடம். மேசையில் இருந்தவர் உங்கள் 13.4ஐ ஏற்றுக்கொண்டிருந்தால், அந்தத் திடலில் உங்களுக்கு 15 கோடு கிடைத்திருக்கும். 13.4ஐ 131ஆல் பெருக்கி 113ஆல் வகுத்தால் 15.5, ரேட்டிங்கும் பாரும் 0.2 வித்தியாசம், ஆக 15. 101ல் அதைக் கழித்தால் நிகரம் 86. சிஸ்டம் 36ல் பாருக்கு 2 புள்ளி, போகிக்கு 1, மற்றதுக்கு ஒன்றும் இல்லை. 6 + 5 = 11 புள்ளி, 36ல் கழித்தால் 25. நிகரம் 76. பேசிய விதம் தப்பு. ஆனால் அந்த எண்ணை வாங்காமல் விட்டது உங்களுக்கு நல்லதுதான் செய்தது.

ஏமாற்றுகிறவன் தன் ஹேண்டிகேப்பை ஏற்றிக் காட்டுவான் அண்ணே. உங்களுடையது இறங்கிக் கிடந்தது.

---

லாரிக்காரர்

நான் படிச்சது கொஞ்சம், கணக்கெல்லாம் பையன் பார்த்துக்குவான். நான் சொல்றது வேற.

இந்தக் கைப்பேசியால ஆட்டமே கெட்டுப் போச்சு. முன்னால போற கூட்டத்துல நாலு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். அடிச்சவன் பந்து எங்க போச்சுன்னு பார்க்க மாட்டேங்கிறான், திரையில கோடு விழுந்துச்சான்னு பார்க்கிறான். பின்னால நாங்க வெயில்ல காய்றோம். நாலு மணிக்கு மழை கட்டுது, அதுக்குள்ள 18 முடிக்கணும்னு அவனுக்குத் தெரியாதா?

உங்க அப்பா மாதிரி ஆளுங்க ஒரு தடவை திடலைப் பார்த்தா போதும், கண்ணாலேயே அளந்துடுவாங்க. எங்க காலத்துல எம். இராமையா, பி. குணசேகரன்னு நம்ம ஆளுங்க நாட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தாங்க. அவங்க விளையாட ஆரம்பிச்ச காலத்துல ஏது செயலி? பக்கத்துல மனுஷன் நடந்தான், கம்பை எடுத்துக் கொடுத்தான். அப்பா சொல்றதைக் கேளு தம்பி. 150ன்னா 150.

---

பீடோர் டீச்சர்

லாரிக்காரர் ஐயா, மெதுவாக ஆடுவதைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நான் கிரீனை விட்டு இறங்கிய பிறகுதான் கைப்பேசியைத் தொடுவேன், அடுத்த டீக்கு (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) நடந்துகொண்டே. கூட ஆடுகிறவரைக் காக்க வைத்து எதையும் பதியக் கூடாது.

ஆனால் செயலியை ஒதுக்கிவிட முடியாது ஐயா. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் மகன் ஆர்க்கோஸ் வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொரு கம்பின் பிடி நுனியிலும் சின்ன உணர்கருவியைத் திருகி விடுவது. கைப்பேசியை முன்பக்கப் பையில் வைத்திருந்தால், பந்தை அடிக்கும் சத்தத்தை அது கேட்டு, அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளும். பாவாடையில் பை இல்லை, அதற்காகவே இரண்டு கால்சட்டை தைத்தேன். குழி ஓரத்தில் லேசாகத் தட்டும் பட் அடியைச் சில வேளை விட்டுவிடும், அதை நாம்தான் சேர்க்கணும். உணர்கருவி இல்லாமல் கையால் குறிக்கிற இலவசச் செயலிகளும் உண்டு. வேலை கூட, பலன் ஏறக்குறைய அதேதான்.

நான் ஏழு அயனில் 120 யார்டு அடிக்கிறவள் என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். அறுபது அடிகளின் சராசரி 104. 120 என்பது எப்போதோ நன்றாக விழுந்த ஒன்று, அது மட்டும் நினைவில் தங்கிவிட்டது. பார் 3 குழிகளில் பந்து ஏன் எப்போதும் முன்பங்கரில் விழுகிறது என்பது அன்றுதான் புரிந்தது. ஒரு நம்பர் பெரிய கம்பு எடுக்க ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் இண்டெக்ஸ் 26லிருந்து 22.1. அடிக்கும் முறையை மாற்றவே இல்லை.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஆயிரக்கணக்கான சுற்றுகளின் ஒவ்வோர் அடியையும் எடுத்து ஆராய்ந்தார். நல்ல ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் இருக்கிறது என்று கண்டார். நாமெல்லாம் "பட்டிங்தான் போச்சு" என்று புலம்புவோம். எட்டடி தூரத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். அவருடைய கணக்கைத்தான் 2011 முதல் பிஜிஏ டூர் பட்டிங்கை மதிப்பிட எடுத்துக்கொண்டது. இன்று பல செயலிகளில் அடிக்கு அடி லாப நட்டம் காட்டும் பக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

செம்பனைக்காரத் தம்பி, உங்கள் ஒரு வருஷப் பதிவில் ஹேண்டிகேப் எண்ணை மறந்துவிடுங்கள். தூரங்களை எடுத்துப் பாருங்கள். உங்கள் திடலுக்கு ரேட்டிங் இல்லாமல் இருக்கலாம், உங்கள் ஆறு அயன் எங்கே அடித்தாலும் உங்கள் ஆறு அயன்தான்.

ஒரு எச்சரிக்கை. போட்டியில் தூரம் பார்க்கச் செயலியைப் பயன்படுத்தலாம், 2019 விதிகளிலிருந்து அது பொதுவாக அனுமதி. போட்டிக் குழு தனியாகத் தடை போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்வது, "இந்த இடத்திலிருந்து இந்தக் கம்பை எடு" என்று சொல்வது, இரண்டும் கூடாது. விதி 4.3. மொத்த அடியை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதல் முறைக்கு இரண்டு கோடு, மறுமுறை வெளியேற்றம். டீயில் நிற்கும் முன்பே அந்த வசதிகளை அணைத்துவிடுங்கள்.

---

நெறியாளர்

இடையில் ஒருவர் அந்த மன்றத்தின் பெயரை ஊகித்து எழுதியிருந்தார். நீக்கிவிட்டேன். பெயர் வேண்டாம், விஷயத்தைப் பேசுவோம்.

---

செம்பனைக்காரன்

கெடாத் தம்பி, உங்கள் கணக்கை மூன்று முறை கையால் போட்டுப் பார்த்தேன். அந்த 13.4ஐ ஒரு மாதமாக யாரோ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மனசு லேசாக இருக்கிறது.

டீச்சர் சொன்னபடி செயலியில் கம்பு வாரியாகப் பார்த்தேன். ஆறு அயன் சராசரி 149, ஏழு அயன் 138. டிரைவர் பாதிக்கு மேல் வலப்பக்கம், அதாவது எங்கள் திடலில் செம்பனைக்குள். எங்கள் திடலில் அது பெரிய விஷயமில்லை. மரத்தடி சுத்தம், மட்டை அடுக்காத வரிசையில் பந்து கிடந்தால் தட்டி வெளியே கொண்டுவந்துவிடலாம். அந்தப் பெரிய திடலில் வலப்பக்கம் ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே என்று காட்டும் வெள்ளைக் குச்சிகள். பத்து டபுள் போகி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

லாரிக்காரரே, அப்பா சொல்வதைக் கேட்கத்தான் ஆசை. ஆனால் பந்து தண்ணீருக்குள் போகிறதே.

---

லாரிக்காரர்

ஜிபிஎஸ் தப்பா இருக்கும் தம்பி. எங்க லாரியில இருக்கிறது ஆத்துக்குள்ள ஓடுறதா காட்டும்.

---

கெடா பையன்

கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும், மரத்தடியில் கூடும். ஆக 145க்கும் 150க்கும் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். அண்ணே, ஒன்று செய்யுங்கள். கூகள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, ஆந்தைப் பெட்டி இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் தூரம் அளக்கும் வசதி வரும். கிரீன் நடுவுக்குக் கோடு இழுத்துப் பாருங்கள். கம்பம் படத்தில் தெரியாது, ஆனால் அந்த மரத்தின் முடி தெரியும், எண்ணிக் கண்டுபிடிக்கலாம். வீட்டில் வைபையில் பாருங்கள், தோட்டத்துக்குள் லைன் கிடைக்காது.

---

பழைய கிராணி

இந்த இழையை நேற்று இரவு முழுக்கப் படித்தேன். எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. 34 வருஷம் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை பார்த்தவன், நடவுக்கு வரிசை பிடித்தவன். மரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

தம்பி, உன் அப்பா சொன்ன கணக்கு சரியான கணக்கு. செம்பனையை முக்கோணமாக நடுவோம். மூன்று மரத்தை எடுத்தால் மூன்று பக்கமும் ஒரே அளவு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் 30 அடி. 30 அடி என்றால் சரியாகப் பத்து யார்டு. வரிசையோடு நடந்தால் ஒரு மரம் பத்து யார்டு, இதில் ஒரு விரல் தப்பாது, ஏனென்றால் கம்பி இழுத்து, முளை அடித்து, அளந்து நட்டவர்கள் நாங்கள். ஏக்கருக்கு 56 மரம் வரும். உன் அப்பா அதைக் காலால் நடந்து கற்றிருக்கிறார்.

ஆனால் செம்பனை 25 வருஷத்துக்குப் பக்கம் போனால் உயரம் ஏறிவிடும், குலை வெட்டக் கஷ்டம், விளைச்சலும் குறையும். சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். உன் அப்பா கெடியாக இருந்தபோது நின்ற மரம் இன்று அந்த ஏழாவது குழி ஓரத்தில் இருக்கவே முடியாது. மறுநடவில் பல தோட்டங்களில் ஏக்கருக்கு 60 மரம் என்று நெருக்கினோம். 60 மரம் வேண்டுமானால் இடைவெளி 29 அடி. ஒரு மரத்துக்கு ஓர் அடிதான் குறைகிறது, கண்ணுக்குத் தெரியாது. 15 மரத்துக்கு 15 அடி, அதாவது ஐந்து யார்டு.

உன் தோட்டத்தில் என்ன அளவு என்று எனக்குத் தெரியாது. டேப்பை எடுத்துக்கொண்டு போ. ஒரு மரத்து நடுவிலிருந்து அடுத்த மரத்து நடுவுக்கு அளந்தால் பிழை வரும், அடிமரம் சாய்ந்திருக்கும். பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்து பத்தால் வகு. செத்த மரம் இருந்த இடத்தையும் எண்ணிக்கையில் விடாதே.

இன்னொன்று. எல்லாக் குழிக்கும் இந்தக் கணக்கு வராது. திடல் ஓரம் நடவு வரிசையோடு போனால்தான் முழு இடைவெளி. வரிசைக்குக் குறுக்கே போனால் ஓரத்து மரங்கள் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்று நிற்கும். அவற்றை எல்லாம் எண்ணினால், 29 அடி நடவில் மரத்துக்கு 25 அடிதான் முன்னே போகிறாய், எட்டரை யார்டுக்கும் குறைவு. அப்படி ஒரு குழி உன் திடலில் கட்டாயம் இருக்கும். அப்பாவைக் கேட்டுப் பார், அங்கே அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

---

செம்பனைக்காரன்

கிராணி ஐயா, உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நாலாவது குழி. நீங்கள் கேட்கச் சொன்னதும் அப்பாவிடம் கேட்டேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சொல்வார், "நாலுல மரத்தை எண்ணாதே, காலடி வை." காரணம் அவருக்கும் தெரியாது. அவருக்குப் பையைத் தூக்கப் பழக்கிய பெரியவர் சொன்னதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு, ஆலையிலிருந்து 50 மீட்டர் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஏழாவது குழிக்குப் போனோம். டேப்பின் தலையை அப்பா மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். பனி ஈரத்தில் அடிமரத்துப் பெரணி எல்லாம் அவர் கையில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு மரமாகத் தாண்டும்போதும் அதைத் தட்டி எண்ணிக்கொண்டே வந்தார். எட்டாவது இடத்தில் மரமில்லை, காண்டாமிருக வண்டு தின்று செத்துப்போன குழி மட்டும். அங்கேயும் நின்று காற்றைத் தட்டி "எட்டு" என்றார்.

பத்து இடைவெளி, 88 மீட்டர் 40 சென்டிமீட்டர். ஒரு மரத்துக்கு 8.84. அடியில் மாற்றினால் 29. கிராணி ஐயா சொன்ன அதே 29.

கெடாத் தம்பி சொன்னபடி வரைபடத்திலும் கோடு இழுத்தேன். 133 மீட்டர், யார்டில் 145.

அப்பாவிடம் விளக்கினேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே அந்த வரிசையை நெடுநேரம் பார்த்தார். "அப்ப இது என் மரம் இல்லை" என்றார். பிறகு ஆந்தைப் பெட்டிக் கம்பத்தில் சாய்ந்து நின்று வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார். கால்குலேட்டரை எடுக்கப் போனேன், கையைத் தடுத்துவிட்டார். "மூணு மரத்துக்கு ஒரு யார்டு கழி" என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மூன்று மரம் 87 அடி. 29 யார்டு. 15 மரத்துக்கு ஐந்து கழித்தால் 145. எந்த மரத்திலிருந்து எண்ணினாலும் வருகிறது.

---

பழைய கிராணி

படித்தேன். உன் அப்பாவைக் கேட்டதாகச் சொல். எந்த டிவிஷனில் இருந்தார், எந்த மண்டோர் (கங்காணி) காலம் என்று கேட்டு எழுது. தெரிந்தவராக இருக்கலாம்.

---

லாரிக்காரர்

தம்பி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அப்பாவும் சரி, கைப்பேசியும் சரி. அந்தக் கழிக்கிற கணக்கை என் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

---

பீடோர் டீச்சர்

தம்பி, அதிகாரபூர்வ ஹேண்டிகேப் வேண்டுமென்றால் மலேசிய கோல்ஃப் சங்கத்தோடு இணைந்த ஒரு மன்றத்தில் சேர்ந்து அதன் வழியாக வாங்குங்கள். தொடங்க 54 குழி போதும், 18 குழிச் சுற்று மூன்று. ரேட்டிங் உள்ள திடலில் விதிப்படி ஆடணும், தனியாக ஆடியது சேராது, குறைந்தது ஒருவராவது கூட இருக்கணும். மூன்று சுற்று மட்டும் இருக்கும்போது அதில் மிகக் குறைந்த வித்தியாசத்தை எடுத்து 2 கழிப்பார்கள். அதனால் முதல் இண்டெக்ஸ் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும், பயப்படாதீர்கள், சுற்று ஏற ஏறத் தளரும். 54.0 வரை அனுமதி உண்டு, ஆகவே "நான் அந்த அளவுக்கு இல்லை" என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

நேரம் இல்லாதவர்களுக்கு: 2024 திருத்தத்துக்குப் பிறகு, ரேட்டிங் உள்ள திடலில் 9 குழி மட்டும் ஆடினாலும் அதை உடனே கணக்கில் சேர்க்கலாம். மிச்ச 9க்கு உங்கள் இண்டெக்ஸை வைத்து எதிர்பார்க்கும் அளவை முறையே சேர்த்துக்கொள்ளும். முன்பு இன்னொரு 9 வரும்வரை காத்துக்கிடக்கும்.

மாத முதல் சனிக்கிழமை நானும் பள்ளித் தோழி ஒருவரும் ஈப்போ பக்கம் ஆடுகிறோம். மூன்றாவது இடம் காலி. உங்கள் கார்டில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பக்கி வண்டியில் உட்காரலாம்.

---

செம்பனைக்காரன்

வருகிறோம் டீச்சர். அப்பாவிடம் சொன்னதும், வண்டி வேண்டாம், நடக்கிறேன் என்கிறார். பாதியில் முட்டி வலித்தால் ஏற்றிவிடுகிறேன்.

கிராணி ஐயா, அப்பா மூன்றாம் டிவிஷன். மண்டோர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் திடலைச் செயலியிலிருந்து நீக்கவில்லை. ஹேண்டிகேப் கணக்கில் மட்டும் சேராதபடி மாற்றிவிட்டேன், தூரப் பதிவு அப்படியே ஓடுகிறது. குறிப்பு எழுதும் இடத்தில் குழி வாரியாக மரக் கணக்கையும் சேர்த்திருக்கிறேன். எங்கள் திடலில் ஆடுகிற வேறு யாராவது இங்கே இருந்தால்: 2, 5, 7, 9 வரிசையோடு போகும் குழிகள், மூன்று மரத்துக்கு 29 யார்டு. 4 குறுக்கே போவது, அங்கே காலடிதான். மற்ற குழிகளில் செம்பனை ஓரம் இல்லை.

---

லாரிக்காரர்

சரி, ஏழாவதுல இப்ப எந்த அயன் எடுக்கிறே?

---

செம்பனைக்காரன்

ஏழு. முன்பக்கம் விழுந்து உருண்டு போகிறது. நேற்று இரண்டு சுற்றிலும் கிரீனில் நின்றது.